எச்சில் தொட்டியில் தொடங்குங்கள்: புதிதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்களுக்கு

புதிதாக மெஸ் திறந்திருக்கும் ஒரு தம்பி சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்தார். கடையைச் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் நடத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. கையில் ஒரு விலைப்பட்டியல் வைத்திருந்தார்: சோலார் பலகை, கழிவை உரமாக்கும் இயந்திரம், பயோகேஸ் கலன். "அண்ணே, இதுல முதல்ல எதை வாங்கலாம்?" என்று கேட்டார். "கொக்கித் தராசு ஒண்ணு வாங்குங்க தம்பி, மத்ததை ஆறு மாசம் கழிச்சுப் பார்த்துக்கலாம்" என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். 60 பேர் உட்காரும் மதியச் சாப்பாட்டுக் கடையை நடத்திப் பழகியதில் கற்றது இது.

சாப்பாட்டுக் கடை ஒரு சேவைத் தொழில். சட்டை தைக்கிற ஆலையில் இன்று விற்காததை நாளை விற்கலாம். நம்மிடம் அது நடக்காது. பன்னிரண்டு மணிக்கு வடித்த சாதம் நான்கு மணிக்குச் சரக்கே இல்லை. அப்புறம், நம் வாடிக்கையாளர் பொருளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவரும் இல்லை. நம் கூடத்தில் உட்கார்ந்து, நாம் வைப்பதை வாங்கியோ வேண்டாம் என்று கை மறித்தோ, வேலையில் பாதியைத் தானே செய்கிறவர். அதனால் அடுப்படியில் புது இயந்திரம் வைப்பதைவிடப் பரிமாறும் விதத்தை மாற்றுவதில்தான் பலன் அதிகம். செலவும் குறைவு. லாட்ஜ், சலூன், சலவைக் கடை, கல்யாண கேட்டரிங் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எனக்குக் கைவந்தது சாப்பாட்டுக் கடை என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதல் படி: ஒரு வாரம் எடை மட்டும் போடுங்கள்

இந்த ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். வழக்கம்போல் சமையுங்கள், வழக்கம்போல் பரிமாறுங்கள். மூன்று தொட்டிகள் மட்டும் வையுங்கள். ஒன்று காய் வெட்டும் இடத்தில்: தோல், காம்பு, அழுகல். அடுத்தது அடுப்படியில்: கடை மூடும்போது அண்டாவிலும் குண்டானிலும் மிஞ்சியது. மூன்றாவது இலை எடுக்கும் இடத்தில்: சாப்பிட்டவர் விட்டுப்போனது. வாழை இலையும் உணவும் ஒன்றாக விழுந்தால் கணக்கு குழம்பிவிடும். உணவைத் தொட்டியில் வழித்துவிட்டு இலையைத் தனிக் கூடையில் போடச் சொல்லுங்கள். கடை மூடியதும் மூன்றையும் தராசில் மாட்டி, தேதி, கிழமை, அன்று எத்தனை சாப்பாடு போனது என்பதோடு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

மூன்றாகப் பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. காய்த் தொட்டி கனத்தால் கொள்முதலிலோ வெட்டும் கையிலோ தவறு. அண்டா மிச்சம் கனத்தால் கணிப்பில் தவறு. இலைத் தொட்டி கனத்தால் பரிமாறுவதிலோ ருசியிலோ தவறு. ஒரே டிரம்மில் கொட்டிவிட்டால் எங்கே ஓட்டை என்று கடைசிவரை தெரியாது.

ஒரு கணக்கு பார்ப்போம். தினம் 200 சாப்பாடு போகிறது, இலைத் தொட்டி 24 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 120 கிராம். அதில் பாதி சாதம் என்றால் 12 கிலோ சாதம். அரிசியாகப் பார்த்தால் 4 கிலோவுக்குமேல். ஒரு கிலோ அரிசி விளைய உலகச் சராசரியாக ஏறக்குறைய 2,500 லிட்டர் தண்ணீர் போகிறது. அப்படியானால் நம் எச்சில் தொட்டியில் தினம் 10,000 லிட்டர், ஒரு லாரித் தண்ணீர். லாரிக்காரரிடம் பேரம் பேசும் நாம் இந்தத் தண்ணீரைப் பார்ப்பதே இல்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 29 கோடி டன் உணவகங்களும் கேட்டரிங்கும் அடங்கிய நம் தொழிலிலிருந்து போனது.

அதே நோட்டில் வேறு நான்கு கணக்குகளும் இருக்கட்டும். சிலிண்டர் மாட்டும்போது அதன்மேலேயே சாக்பீஸால் தேதி எழுதிவிடுங்கள், தீர்ந்த நாளை நோட்டில் ஏற்றுங்கள். தினம் காலையில் கரன்ட் மீட்டர் ரீடிங். மோட்டார் எத்தனை நேரம் ஓடியது, லாரி வந்ததா. பார்சல் பொருள் எவ்வளவு தீர்ந்தது.

நோட்டை எழுதும் பொறுப்பை மேனேஜரிடம் கொடுக்காதீர்கள். இலை எடுக்கிற அக்காவிடம் கொடுங்கள். எங்கள் கடையில் வெள்ளிக்கிழமை கூட்டு மட்டும் அப்படியே திரும்பி வருகிறது என்பதை முதலில் சொன்னது அவர்தான். எனக்கோ மாஸ்டருக்கோ அது தெரியாது. தினம் நூற்றுக்கணக்கான இலைகளைப் பார்க்கிறவரிடம் அதுவரை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. எழுதத் தெரியாவிட்டால் அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதட்டும். இந்த வேலைக்கென்று சம்பளத்தில் சிறிது கூட்டிக் கொடுங்கள்.

இரண்டாம் படி: கரண்டியை மாற்றுங்கள்

புதியவர்கள் அதிகம் தயங்குவது இந்த இடத்தில்தான். நம் ஊரில் இலை நிறைய வைப்பது உபசரிப்பு. கொஞ்சமாக வைத்தால் கஞ்சத்தனம் என்று வந்தவர் முகம் சுளிப்பாரோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நான் கவனித்த வரையில், அளவு குறைவதால் யாரும் கோபப்படுவதில்லை. இரண்டாம் முறை கேட்டு, சப்ளையர் வராமல், சாம்பார் ஊற்றிய சாதம் ஆறிக்கொண்டிருக்கும்போதுதான் கோபம் வருகிறது. எனவே கரண்டியைச் சிறிதாக்குவதற்கு முன் மறுசோறு வரும் வேகத்தைக் கூட்டுங்கள். இதுதான் இந்தப் படியின் உயிர்.

செய்ய வேண்டியது இது. சாதக் கரண்டியை இப்போதுள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுள்ளதாக மாற்றுங்கள். 20 பேருக்கு ஒருவர் என்று சாத வாளியோடு சுற்றுவதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். அவர் வேறு எந்த வேலைக்கும் போகக் கூடாது. அவர் ஒவ்வொரு இலையையும் பார்த்து, கேட்பதற்கு முன்பே "சாதம் வைக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். "போதுமா?" என்று கேட்கவே கூடாது. முதல் கேள்வியில் அன்பு இருக்கிறது, இரண்டாவதில் கணக்கு இருக்கிறது. சாப்பிடுகிறவருக்கு அந்த வித்தியாசம் உடனே உறைக்கும்.

பொரியல், கூட்டு, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் ஆள் உட்காருவதற்கு முன்பே இலையில் வைத்துவிடும் பழக்கத்தை நிறுத்துங்கள். ஆள் உட்கார்ந்த பிறகு காட்டிக் கேட்டு வையுங்கள். பாகற்காய் பிடிக்காதவர் இலையில் பாகற்காய் வைத்தால் அது தொட்டிக்குத்தான் போகும். முதல் இரண்டு நாள் பந்தி கொஞ்சம் தாமதமாகும், மூன்றாம் நாள் கை பழகிவிடும்.

அளவுச் சாப்பாடு என்ற ஏற்பாடு நம் ஊரில் எப்போதோ வந்துவிட்டது. பல கடைகளில் அதைப் பார்சலுக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள், அல்லது போர்டின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதை மேலே கொண்டுவாருங்கள். முழுச் சாப்பாட்டுக்கும் அதற்கும் விலையில் நல்ல இடைவெளி வையுங்கள். ஐந்து ரூபாய்தான் வித்தியாசம் என்றால் எல்லோரும் முழுச் சாப்பாடுதான் கேட்பார்கள். குறைவாகச் சாப்பிடும் பெரியவர்கள், மருந்து எடுத்துக்கொள்கிறவர்கள், அவசரமாகச் சாப்பிட்டு ஓடும் அலுவலகக்காரர்கள் இதை விரும்பி எடுப்பார்கள். குழந்தைகளுக்கென்று அரை இலைச் சாப்பாடும் வையுங்கள்.

இலையில் மிச்சம் வைத்தால் அபராதம் என்று போர்டு வைக்கும் இடங்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பசித்து வந்தவரை மிரட்டுவது நம் வேலையில்லை. கூட்டு திரும்பி வந்தால் கூட்டைத் திருத்துவதுதான் நம் வேலை. எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டில் கடலைப்பருப்பு சரியாக வேகவில்லை என்பதுதான் கடைசியில் காரணம். முதல்நாள் இரவே ஊறவைக்கத் தொடங்கினோம், பிரச்சினை தீர்ந்தது, அடுப்பு எரியும் நேரமும் குறைந்தது.

மூன்றாம் படி: உலையைப் பிரித்து வையுங்கள்

காலை பதினொன்றுக்கே மொத்தச் சாதத்தையும் வடித்துவிடும் கடையில் அண்டா மிச்சம் குறையவே குறையாது. ஓட்டம் எவ்வளவு என்று தெரியாத நேரத்தில் முடிவெடுத்துவிடுகிறோம். அரிசியை மூன்று உலையாகப் பிரியுங்கள். முதல் உலை பெரியது. இரண்டாவது பந்தி நிரம்புவதைப் பார்த்து. மூன்றாவது ஒன்றேமுக்கால் மணிக்கு, வாசலில் நிற்கும் ஆட்களை எண்ணிப் பார்த்து. அரிசி ஊறித் தயாராக இருந்தால் சின்ன உலைக்கு அதிக நேரம் ஆகாது.

கணிப்புக்கு உங்கள் நோட்டுதான் துணை. முகூர்த்த நாளில் பாதிப் பேர் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். அமாவாசை, கிருத்திகையில் சைவக் கடைக்குக் கூட்டம் கூடும். புரட்டாசியிலும் சபரிமலைக்கு மாலை போடும் கார்த்திகையிலும் அசைவக் கடையில் ஓட்டம் விழும். பள்ளி விடுமுறை, மழை, பக்கத்து அலுவலகத்தில் சம்பள நாள் எல்லாவற்றையும் எடைக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஒரு வருஷ நோட்டு கையில் இருந்தால் எந்த மென்பொருளும் தேவையில்லை.

அப்படியும் மிஞ்சும். மிஞ்சியதில் முதல் உரிமை உங்கள் ஆட்களுக்கு. அதையும் கடைசியில் வழித்துக் கொடுக்காமல் முறையாக எடுத்துவைத்துக் கொடுங்கள். அதற்குமேல் மிஞ்சினால் பசித்தவர்களுக்குக் கொண்டுசேர்க்கும் தொண்டு அமைப்புகள் இருக்கின்றன. கோவையில் 2014-ல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் உணவை எடுத்துக் கொடுப்பதில் பேர் பெற்றது. மிஞ்சிய உணவைப் பகிர்வதற்கென்றே 2019-ல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளும் வந்தன. இதில் சில கட்டுப்பாடுகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்: இலைக்கோ மேசைக்கோ போய்த் திரும்பிய உணவைக் கொடுக்கவே கூடாது. சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி நெடுநேரம் கிடந்தால் அதில் கிருமி பெருகும். சாதத்தில் இன்னும் சீக்கிரம். உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குவதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நான்காம் படி: பார்சலுக்குத் தூக்குவாளி

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பல புதியவர்கள் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. பிளாஸ்டிக் பை, தெர்மாகோல் தட்டு, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட் எல்லோருக்கும் தெரியும். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, துணிபோலத் தெரியும் நெய்யாத பை ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. "பேப்பர் கப்தானே" என்று வாங்கி அடுக்கி, சோதனைக்கு வருகிறவர்களிடம் அபராதம் கட்டாதீர்கள். 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கவும் பல பொருட்களுக்குத் தடை வந்தது.

சாதம், இட்லி, பரோட்டாவுக்கு வாழை இலை போதும். மேலே சுற்ற அச்சடித்த செய்தித்தாளைப் பயன்படுத்தாதீர்கள். மை உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. எதுவும் அச்சிடாத பழுப்புத் தாள் வாங்குங்கள். சிக்கல் சாம்பாரிலும் ரசத்திலும்தான். சூடான திரவத்தை இலையில் கட்ட முடியாது. பல கடைகள் மெல்ல பிளாஸ்டிக் டப்பாவுக்குத் திரும்பிப்போவது இதனால்தான்.

நம் தாத்தா காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை, தூக்குவாளியோடு கடைக்குப் போனார்கள். இப்போதும் பாத்திரம் கொண்டுவருகிறவருக்கு விலையில் தள்ளுபடி என்று எழுதிவையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. வேலைக்குப் போகிறவர் காலையிலேயே சாம்பாருக்குப் பாத்திரம் எடுத்துக்கொண்டு கிளம்புவதில்லை. பாத்திரத்தைக் கடையே கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் வழி.

திருப்பிக் கொடுத்தால் பணம் என்ற முறை நமக்குப் புதிதில்லை. கோலி சோடா பாட்டிலுக்கு முன்பணம் கட்டிய தலைமுறை இன்னும் இருக்கிறது. நீலகிரியில் 2022-ல், காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில், சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் வந்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. குடித்துவிட்டு வீசப்படும் பாட்டிலுக்கே இது பொருந்துகிறது என்றால் தினம் நம்மிடம் வருகிற சாம்பார் வாளிக்குப் பொருந்தாதா?

தொடங்கும்போது தெருவில் போகிறவர் எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். தினமும் பார்சல் வாங்குகிற 20 பேரைத் தேர்ந்தெடுங்கள்: பக்கத்து வங்கி ஊழியர்கள், மேன்ஷனில் தங்கியிருக்கும் பையன்கள், தனியாக இருக்கும் பெரியவர்கள். நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஆளுக்கு இரண்டு எவர்சில்வர் கேரியர் தேவை, ஒன்று அவரிடம் இருக்கும்போது மற்றது கடையில் கழுவிக் காயும். ஒவ்வொன்றிலும் எண்ணைப் பொறித்துவிடுங்கள். ஒட்டும் சீட்டு இரண்டு கழுவலில் போய்விடும். முன்பணம் கேரியர் விலையில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். ரொம்பக் குறைத்தால் கேரியர் திரும்பாது, ரொம்பக் கூட்டினால் ஆள் சேராது.

கணக்கு இப்படி வரும். ஒரு பார்சலுக்கு டப்பா, கவர், பை எல்லாம் சேர்த்து 12 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாளைக்கு 300 ரூபாய். கேரியர் ஒன்று 450 ரூபாய் என்றால் இரண்டுக்கும் 900. மூன்று மாதத்தில் முதல் திரும்பிவிடும். கழுவும் சோப்பு, தண்ணீர், தொலைந்துபோகும் ஒன்றிரண்டு எல்லாம் சேர்த்து நான்கு மாதம் என்று கணக்கு வையுங்கள். அதன்பிறகு வருடக்கணக்கில் உழைக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. கேரியர் வைத்திருப்பவர் நாளைக்கும் வருவார் என்று காலையிலேயே தெரியும், உலை வைக்கும்போது கணிப்பு எளிதாகும்.

இதில் நான் செய்த தவறு ஒன்று. முதல் மாதம் மூடி இறுக்கமாக உட்காராத கேரியர்களை விலை மலிவு என்று வாங்கிவிட்டேன். ஒருவருடைய அலுவலகப் பையில் ரசம் கொட்டிவிட்டது. அவர் திரும்ப வரவே இல்லை. தண்ணீர் ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: தண்ணீர்

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் கிட்டத்தட்ட வற்றியபோது சில உணவகங்கள் மதியச் சாப்பாட்டையே நிறுத்தின. தண்ணீர் இல்லாத நாளில் கல்லாவும் இல்லை என்பதை அப்போது பார்த்தோம்.

கை கழுவும் குழாயிலிருந்து தொடங்குங்கள். சாதாரணக் குழாயில் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்குமேல் கொட்டும். காற்றைக் கலந்துவிடும் சின்ன வடிகட்டியை முனையில் மாட்டினால் அது பாதிக்கும் கீழே இறங்கும், கைக்குக் குறைவாகத் தெரியாது. விலை குறைந்தது, உப்புத் தண்ணீர் ஊரில் மாதம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பாத்திரத்தை ஓடும் குழாயில் தேய்க்க விடாதீர்கள். முதலில் உணவை வழித்தெடுத்து, பிறகு மூன்று தொட்டி: ஊற, தேய்க்க, அலச. மூன்றாவது தொட்டித் தண்ணீர் அடுத்த சுற்றுக்கு முதல் தொட்டிக்குப் போகட்டும். குடிநீர் வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் தரும்போது பல சமயம் ஒன்றிலிருந்து மூன்று லிட்டர்வரை வெளியே விடுகிறது. அந்தக் குழாயை ஒரு டிரம்மில் விட்டால் தரை துடைக்க, கழிவறைக்கு ஆகும். மேசையில் டம்ளரை நிரப்பி வைக்காமல் ஜக்கை வையுங்கள்.

வடிகஞ்சியைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மாடு வைத்திருப்பவர் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமானது. வாடகைக் கட்டடத்தில் அந்தக் குழி இருக்கிறதா, மண் அடைத்துக் கிடக்கிறதா என்று ஐப்பசிக்கு முன்னால் திறந்து பாருங்கள்.

ஆறாம் படி: அடுப்பும் கரன்ட்டும்

இங்கே பெரிய புதுமை தேவையில்லை, ஒழுங்கு இருந்தால் போதும். 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று எரிந்தால் ஏறக்குறைய 57 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மூடி போட்டுச் சமைப்பது, பருப்பை ஊறவைப்பது, சுடர் மஞ்சளாக எரிந்தால் அன்றே பர்னரைக் கழற்றித் துலக்குவது, ஆர்டர் இல்லாத நேரத்தில் தோசைக்கல் அடுப்பைத் தணிப்பது. இவற்றைச் செய்து, சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று சாக்பீஸ் தேதியை ஒப்பிடுங்கள்.

மின்விசிறி பழையதாக இருந்தால் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. மோட்டார் விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். பத்து விசிறி தினம் 12 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 160 யூனிட் மிச்சம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், எரிந்துபோவதை மாற்றும்போதெல்லாம் புதிது போடுங்கள்.

ஏழாம் படி: பழைய எண்ணெய்

வடை, பஜ்ஜி போடும் கடையானால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். திரும்பத் திரும்பச் சூடாகும் எண்ணெயில் போலார் சேர்மங்கள், அதாவது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருட்கள், கூடும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து, நுரை அடங்காமல், சீக்கிரமே புகைய ஆரம்பித்தால் இறக்கிவிடுங்கள். பழையதன்மேல் புதிதை ஊற்றி ஓட்டுவது புதிய எண்ணெயையும் கெடுக்கும்.

இறக்கிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைக்கும், தண்ணீரும் கெடும். அதைச் சேகரித்து பயோடீசல் தயாரிக்க அனுப்பும் ரூகோ திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர்கள் கடைக்கே வந்து காசு கொடுத்து எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை என்னிடம் ஒருவர் அவர்களைவிடக் கிலோவுக்குக் கூடுதல் தருவதாகச் சொன்னார். இரண்டு மாதம் கொடுத்தேன். அந்த எண்ணெய் வடிகட்டப்பட்டு மலிவுக் கடைகளின் வாணலிக்குத் திரும்பப் போகிறது என்று பிறகு தெரிந்தது. ஏதோ ஒரு பிள்ளை சாப்பிடும் பஜ்ஜியில் என் கடைக் கசடு இருந்திருக்கும். ரசீது தராதவருக்கு ஒரு லிட்டரும் கொடுக்காதீர்கள்.

எட்டாம் படி: இயந்திரத்தைப் பற்றி இப்போது பேசலாம்

ஆறு மாதம் கழித்து நோட்டைத் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் தினம் 40 கிலோ கழிவு இருந்த கடையில் இப்போது 25 கிலோ இருக்கலாம். அன்றே பயோகேஸ் கலன் வாங்கியிருந்தால் 40 கிலோவுக்கு வாங்கி, இன்று தீனி போதாமல் அது பாதி வயிற்றோடு நிற்கும். அந்தத் தம்பியைக் காத்திருக்கச் சொன்னது இதனால்தான்.

25 கிலோ உணவுக் கழிவிலிருந்து நாளுக்கு இரண்டு கனமீட்டருக்குச் சற்று கூடுதலாக பயோகேஸ் எதிர்பார்க்கலாம். சமையல் எரிவாயுவாகப் பார்த்தால் சுமார் ஒரு கிலோ. மூன்று வாரத்துக்கு ஒரு சிலிண்டர் மிச்சம் என்று வையுங்கள், அதற்குமேல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எலுமிச்சைத் தோல், எலும்பு, முட்டை ஓடு, அதிக எண்ணெய் இதற்கு ஆகாது. விற்றவர் பழுது பார்க்க ஊருக்குள் ஆள் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் ஏற்கெனவே வைத்துக்கொடுத்த ஒரு கடைக்கு, அவரைக் கூட்டிக்கொள்ளாமல் நீங்களாகப் போய்ப் பாருங்கள்.

இடமில்லாத கடைக்கு வேறு வழிகள் உண்டு. எச்சில் வாழை இலை மாட்டுக்கு, காய்த் தோல் உரக்குழிக்கு. நான்கைந்து கடைகள் சேர்ந்தால் மாநகராட்சியின் உரக்கூடத்துக்கே தனி வண்டி கேட்கலாம். குப்பை மேட்டில் காற்றில்லாமல் புதைந்து அழுகும் சோறு மீத்தேனாக வெளியேறும். நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்குமேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதனால் எங்கே போனாலும் மற்ற குப்பையோடு கலக்காமல் போக வேண்டும்.

வேறு சேவைத் தொழிலில் இருப்பவர்கள் முதல் வாரம் எதை எடை போடுவது என்று கேட்பார்கள். லாட்ஜ் என்றால் ஓர் அறைக்குத் தினம் சலவைக்குப் போகும் துணியை. பிறகு, இரண்டு நாள் தங்குகிறவரிடம் துண்டை மாற்றட்டுமா என்று கேட்டு மாற்றுங்கள். சலூன் என்றால் ஒரு வாடிக்கையாளருக்குச் செலவாகும் துண்டையும் தலை அலசும் தண்ணீரையும். கல்யாண கேட்டரிங் என்றால் பந்தி பந்தியாக இலைத் தொட்டியை. முதல் பந்தியில் எது அதிகம் திரும்பியது என்று பார்த்து இரண்டாம் பந்திக்கு முன் பரிமாறுகிறவர்களிடம் சொல்லுங்கள். மிஞ்சும் என்று தெரிந்தால் கடைசிப் பந்தி உட்காரும்போதே தொண்டு அமைப்புக்குப் போன் செய்துவிடுங்கள். பந்தி முடிந்து, அண்டா ஆறி, வண்டியில் பாத்திரம் ஏறிய பிறகு கூப்பிட்டால் அவர்கள் வந்து சேர்வதற்குள் சாதம் நொந்துவிடும்.